அத்தான் சறுக்கும் இடம்

அக்கா காரைக் கொண்டுவந்து நிறுத்திய விதத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது, இது நலம் விசாரிக்க வந்த வருகை இல்லை. கடை வாசலை அடைத்துக் குறுக்காக நிறுத்தியிருந்தாள். எஞ்சினை அணைத்தாள், இறங்கவில்லை. அவன் அறுத்துக்கொண்டிருந்த பலகையை அப்படியே போட்டுவிட்டு, முகத்தில் அப்பியிருந்த மரத்தூளைத் துடைத்துக்கொண்டே போனான்.

"என்னக்கா, பாக்ஸ் எப்படி? அதிருதா?"

"அதிருது. கண்ணாடி அதிருது, கதவு அதிருது, என் பல்லு கூட அதிருது. உங்க அத்தானைத்தான் காணோம்."

கார்களுக்குப் பாட்டு வைத்துக்கொடுப்பது அவன் தொழில். அதிலும் டிக்கியில் உட்கார்ந்து அடிச்சத்தம் மட்டும் தரும் சப்வூஃபர் பெட்டியைத் தன் கையால் அறுத்து, ஒட்டி, துணி போர்த்திக் கொடுப்பதில் கெட்டிக்காரன். தெருவில் போகிற காரில் எந்தக் கதவின் திருகு தளர்ந்திருக்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்வான் என்பதால் 'காது' என்று பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழோடு சரி. 'காது சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று வாடிக்கையாளர்கள் பேசிக்கொள்ளும்போது, காதில் விழாத மாதிரி குனிந்து வேலை செய்வான். உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருக்கும்.

பெட்டியில் இரண்டு வகை. ஒன்று சீல்டு, ஊசி முனைக்குக் கூட இடைவெளி இல்லாமல் அடைத்தது. உள்ளே மாட்டிக்கொண்ட காற்று ஸ்பீக்கரைக் கடிவாளம் போட்டுப் பிடித்திருக்கும். நில் என்றால் நிற்கும். சத்தம் சற்றுக் குறைவு, ஆனால் சுரம் சுரமாக ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாகத் தெரியும். இன்னொன்று போர்ட். பெட்டியில் ஒரு துளை வைத்து, உள்ளே இருக்கும் காற்றையும் வெளியே அனுப்பிச் சத்தத்தோடு கூட்டுச் சேர்ப்பது. சீட் நடுங்கும், நெஞ்சுக்கூட்டில் இடிக்கும். ஆனால் நில் என்றால் உடனே நிற்காது. ஒரு நோட்டின் வால் அடுத்த நோட்டின் தலையில் விழும். எது நல்லது என்று யார் கேட்டாலும், "நீங்க என்ன மாதிரி பாட்டு கேப்பீங்க?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் அவன் பதில் சொல்வான். அது முன்பு. கொஞ்ச நாளாக அவன் கேட்பதில்லை. யார் வந்தாலும் போர்ட்தான்.

காரில் தான் கேட்கப்போவது எந்தப் பாட்டு என்று அக்கா, அவன் கேட்காமலே சொல்லியிருந்தாள். அத்தான் மேடைக் கச்சேரிக் குழு ஒன்றில், பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த சத்தம் தருகிற பேஸ் கிட்டார் வாசித்தவர். போன வருஷம் மாரடைப்பு வந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். அவர் வாசித்த கச்சேரிகள் ஒரு பென் டிரைவில் இருக்கின்றன. வீட்டில் பிள்ளைகள், மாமியார். யாரையும் அழவைக்காமல் அதைக் கேட்க அக்காவுக்கு வேலைக்குப் போகும் வழியும் வரும் வழியும்தான் உண்டு. "இதுல நான் கேக்குறது அவர் ஒருத்தரைத்தான். பாத்துப் போடு தம்பி" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவனும் பார்த்துத்தான் போட்டான்.

"காணோம்னா? நல்லாத்தானே வந்துச்சு?"

"ஏறி உக்காரு, சொல்றேன்."

ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இந்தப் பாட்டுல ரெண்டாவது சரணம் முடியுற இடத்துல அவர் தப்பு பண்ணுவாரு," என்றாள். "அப்ப எங்களுக்குக் கல்யாணம் பேசி முடிச்ச புதுசு. கச்சேரிக்கு நான் லேட்டா வந்தேன். கதவைத் திறந்து நான் உள்ள வர்றதைப் பாத்துட்டு விரலை மாத்தி வச்சிட்டாரு. அப்புறம் வழுக்கிக்கிட்டே சரியான இடத்துக்குப் போய்ச் சேருவாரு. இது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம். இப்ப உன் பாக்ஸ்ல அவர் தப்பே பண்ண மாட்டேங்கிறாருடா. தும் தும்முனு யாரோ மாதிரி வாசிச்சிட்டுப் போறாரு."

"அது பழைய ரெக்கார்டிங்க்கா. மைக்கெல்லாம் அந்தக் காலத்து மைக்..."

"வண்டியோட வந்த ஓட்ட ஸ்பீக்கர்ல கேட்டுச்சே!"

அக்கா பாட்டைப் போட்டாள். போட்டவுடனே சீட் விம்மியது. முதுகுத்தண்டில் கீழிருந்து மேலாக அத்தானின் தந்தி ஏறியது. பெட்டியை மாட்டி முடித்த அன்றும் இப்படித்தான். சோதித்துப் பார்க்க உட்கார்ந்தவன், கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். அத்தான் வந்துவிட்டார் என்றே நினைத்தான். தன் தோளில் கைபோட்டு நடந்த ஒரே மனிதர் அவர். அழ வைத்த பெட்டி தப்பான பெட்டியாக இருக்க முடியாது என்று முடிவு கட்டிக்கொண்டான்.

"இதோ, வந்துச்சு பாரு," என்றான் இப்போது. நடுக்கம் ஒரு கணம் ஏறி இறங்கியதை வைத்துச் சொன்னான். "அருமையா வழுக்கினாரே!"

அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னும் முதல் சரணமே முடியலடா."

"சும்மா உன்னைச் சோதிச்சேன்," என்று அசடு வழிந்தான். அவள் சிரிக்கவில்லை. சின்ன வயதில் காய்ச்சலை மறைத்துக்கொண்டு விளையாடப் போகிறவனைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை பார்த்தாள். அது அவனுக்குத் தாங்கவில்லை. தாங்காதவன் வேறென்ன செய்வான், கத்தினான்.

"இத்தனை வருஷமா இந்தத் தொழில்ல குப்பை கொட்டுறேன். நீ வந்து எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அவன் மனைவி வந்தாள். கடையில் கல்லாவும் அவள்தான், போன் எடுப்பதும் அவள்தான், வருகிற புகாரையெல்லாம் அவன் மனம் கோணாமல் மென்று முழுங்குவதும் அவள்தான்.

"என்ன அண்ணி, இவர் என்ன பண்ணினார்?"

"பாக்ஸைப் பத்திப் பேசிட்டு இருக்கோம்மா. ஒண்ணும் தெளிவா இல்ல."

"நம்மகிட்ட பாக்ஸ் வாங்கின கீபோர்டு வாசிக்கிறவரும் இதையேதான் சொன்னார்," என்றாள் மனைவி, அவனைப் பார்க்காமல். "அவர் மூடின பாக்ஸ்தான் கேட்டார். இவர் பிடிவாதமாத் துளை வச்சுக் குடுத்தார்."

"சரி!" அவன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். "துளையை அடைச்சே காட்டுறேன். எவ்வளவு சப்பையா இருக்குன்னு ரெண்டு பேரும் கேட்டுட்டு அப்புறம் பேசுங்க."

பழைய சீட்டிலிருந்து கிழித்து வைத்திருந்த ஸ்பாஞ்சை எடுத்து வந்தான். துளைக்குள் வைத்து, கட்டைவிரலால் குத்திக் குத்தித் திணித்தான். இப்படி அடைத்தால் அரைகுறை சீல்டுதான், ஆனால் வித்தியாசம் காட்ட இது போதும். டிக்கியை அறைந்து மூடினான். மனைவி பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். கதவுகள் மூடின. அக்கா பாட்டை முதலிலிருந்து போட்டாள்.

சீட் அசையவில்லை. முதுகில் ஒன்றுமே இல்லை. பாடகரின் குரல் மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து வருவது போல் எங்கேயோ கேட்டது. மற்றபடி அந்தக் கார், நிறுத்தி வைத்த கார். அத்தான் இரண்டாவது தடவையும் சொல்லாமல் போய்விட்டார் என்று தோன்றியது. ஆனாலும் தான் சொன்னது சரியாகிவிட்டதில் ஒரு அற்ப நிம்மதியும் இருந்தது. பாத்தீங்களா, சப்பை, என்று சொல்ல வாயெடுத்துத் திரும்பினான்.

அக்கா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். கண் மூடியிருந்தது. உதடு எதையோ எண்ணுவது போல் அசைந்துகொண்டிருந்தது. பிறகு அவள் முகம் அப்படியே மலர்ந்து, கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அதே நொடியில் பின்சீட்டிலிருந்தும் சிரிப்பு வெடித்தது.

"ஐயையோ, அண்ணா சறுக்கிட்டாரு!" என்றாள் அவன் மனைவி. அவளுக்கு அந்தக் கதை தெரியாது. எந்த இடம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவனும் சிரித்தான். இரண்டு பேரும் சிரித்து முடிக்கப்போகும் நேரத்தில், சத்தமாக. கொஞ்ச நாளாக எல்லா இடத்திலும் அப்படித்தான் சமாளித்துக்கொண்டிருந்தான். வாடிக்கையாளர் வாயைப் பார்த்துத் தலையாட்டுவது, நாலு பேர் சிரித்தால் கூடச் சிரிப்பது. காருக்குள் அவன் சிரிப்பு மட்டும் தனியாக நின்றது. இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள்.

பூசி மெழுக இனி ஒன்றும் மிச்சமில்லை.

"எனக்குக் கேக்கலக்கா," என்றான். "நீங்க சிரிச்சதும் சிரிச்சேன்."

அக்கா பாட்டை நிறுத்தினாள். "எப்பலேர்ந்துடா?"

"தெரியல. முதல்ல காதுக்குள்ள விசில் அடிச்ச மாதிரி இருந்துச்சு. அது நிக்கவே இல்ல. அப்புறம் சின்னச் சின்னச் சத்தமெல்லாம் போயிடுச்சு. தந்தியில விரல் படுற சத்தம் போயிடுச்சு. மூடின பாக்ஸ்னா எனக்கு ஒண்ணுமே தெரியல. துளை வச்சா முதுகுல தெரியுது." குரல் உடைந்தது. "பயமா இருக்கு. இது வெளிய தெரிஞ்சா எவன் இந்தக் கடைக்கு வருவான்? காதே செவிடுன்னு சிரிக்க மாட்டாங்களா?"

பின்சீட்டிலிருந்து மனைவி முன்னால் சாய்ந்து அவன் தோளைப் பிடித்தாள். "டாக்டர்கிட்ட போலாம்னு எத்தனை வாட்டி சொன்னேன். போன்ல கோளாறுன்னீங்க. மிக்ஸி சத்தம்னீங்க." திட்டத்தான் ஆரம்பித்தாள், அழுகையில் போய் முடிந்தது.

அக்கா சொன்னாள்: "அந்த ஸ்பாஞ்சை எடுத்துடு தம்பி. உனக்கு அவர் துளை வச்சாத்தான் கிடைக்கிறாருன்னா அப்படியே இருக்கட்டும். அப்பப்ப வந்து உக்காந்துக்கோ. எனக்குத்தான் அந்த இடம் மனப்பாடமா தெரியுமே."

அவள் மனதாரத்தான் சொன்னாள். அவனுக்கும் சரி என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது; பொய் சொல்வானேன். ஆனால் சற்று முன் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டான். அதைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது?

"வேணாம்க்கா. அளவா, மூடின பாக்ஸா செஞ்சு தர்றேன். அறுக்குறதும் ஒட்டுறதும் என் வேலை. கேட்டுச் சொல்றது உங்க வேலை." மனைவி பக்கம் திரும்பினான். "அந்தக் கீபோர்டுகாரரையும் வரச் சொல்லு. ஏன்னு கேட்டா, உள்ளதைச் சொல்லிடு."

பிறகு தயங்கி, "கழட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வாட்டி நான் மட்டும் கேட்டுக்கிறேன்," என்றான்.

இரண்டு பேரும் இறங்கிப் போய் வாசலில் நின்றார்கள். அவன் டிக்கியைத் திறந்து ஸ்பாஞ்சை உருவி எறிந்தான். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பாட்டைப் போட்டான். சீட் விம்மியது. முதுகில் அதே நடுக்கம், அதே பழைய பலத்தோடு ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு அதில் சாய்ந்தான். இதில் எவ்வளவு அத்தான், எவ்வளவு துளையிலிருந்து வரும் வெறும் காற்று என்று பிரித்துப் பார்க்க முயன்றான். முடியவில்லை. இனி எப்போதும் முடியாது.

பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தான். பிறகு இறங்கிப் போய்த் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தான்.