இருபத்திரண்டு சொட்டு

இருபது சொட்டாவது விழட்டும். அதற்குள் நிறம் மாறிவிடக் கூடாது. இந்த வீட்டுத் தண்ணீர் கல்லாக இருக்கட்டும்.

சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் நின்று அனுஷா வேண்டிக்கொண்டிருந்தாள். யாரிடம் என்று அவளுக்கே தெரியவில்லை. இருபது சொட்டுக்கு மேல் போனால் மோசமான தண்ணீர் என்று எங்கோ படித்திருந்தாள். எதிரில் சோஃபியா ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து, உள்ளிருந்த குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். லிங்கராஜபுரத்தில் தண்ணீரின் உப்பை நீக்கும் மெஷின் விற்கும் கடையில் அவளுக்கு வேலை. சர்ச்சில் காலைப் பூசை முடிந்து நேராக வந்திருந்தாள். கூந்தலில் மல்லிகை இன்னும் வாடவில்லை.

போன மாதம் ஒரு நாள் சாப்பிடும்போது அனுஷாவின் கணவன் சஞ்சய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். தண்ணீர் அவ்வளவு மோசம் என்று தெரிந்தால் தாங்கள் இருவரும் தனியாக வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று. அவன் அம்மா சீதாலட்சுமி மறுக்கவில்லை. மருமகளின் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்வதை அவளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

முடி உதிர்வது உண்மைதான். வேலூரில் ஹாஸ்டலில் இருந்தபோதும் உதிர்ந்தது என்பதை மட்டும் அனுஷா சொன்னதில்லை.

ஆஸ்டின் டவுனில் இருக்கும் இந்த வீட்டில் இரண்டு வருடங்களாக அவளிடம் யாரும் முகம் சுளித்துப் பேசியதில்லை. அதனால்தான் எதையும் சொல்ல முடியாமல் போயிற்று. ஜன்னலருகே இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் நின்றால், என்னம்மா யோசனை என்று அத்தை பரிவோடு கேட்பாள். குழாயின் சத்தத்தை வைத்தே அனுஷா முகம் கழுவுகிறாளா, துணி அலசுகிறாளா என்று சொல்லிவிடுவாள். படுக்கையறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டால் உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று வந்து தட்டுவாள். இதையெல்லாம் குறை என்று யாரிடம் போய்ச் சொல்வது? தண்ணீரைச் சொல்லலாம். தண்ணீரைக் குறை சொன்னால் யார் மனமும் நோகாது.

குளியலறைக் கண்ணாடியில் உப்பு வெண்புள்ளிகளாகப் படிந்திருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை. காலையில் அதில் பார்க்கும்போது அவள் முகம் பனிக்கு அப்பால் நிற்கும் யாரோ ஒருத்தியின் முகம்போல் இருக்கும். அந்தப் பெண் எதையோ சொல்ல வாயெடுக்கிறாள் என்று தோன்றும். அதற்குள் வெளியிலிருந்து காபிக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

மூன்று நாட்களுக்கு முன் மதிய இடைவேளையில் ஆபீஸிலிருந்து காக்ஸ் டவுனுக்குப் போய் ஒரு வீட்டைப் பார்த்தாள். இரண்டாவது மாடி, ஒரே ஒரு படுக்கையறை. வீட்டுக்காரர் டென்சில் சாவியைக் கொடுத்துவிட்டுக் கீழேயே நின்றுகொண்டார். அனுஷா வெறுந்தரையில் உட்கார்ந்தாள். சுவரில் வெயில் ஒரு சதுரமாக விழுந்து, மெல்ல மெல்ல நகர்ந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அங்கே தான் நினைப்பது தனக்கே கேட்பதுபோல் இருந்தது, தூரத்து அறையில் யாரோ மெதுவாகப் படித்துக்கொண்டிருப்பதுபோல. எழுந்து வரும்போது இருபது நிமிடம் போயிருந்தது. ஞாயிறு சாயங்காலத்துக்குள் பதில் சொல்லச் சொன்னார் டென்சில். இன்று ஞாயிறு.

"தண்ணி குடுங்க ஆன்ட்டி" என்றாள் சோஃபியா.

சீதாலட்சுமி உள்ளே போய்ப் பளபளக்கும் எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து வைத்தாள். சோஃபியா அதிலிருந்து கோடு வரைக்கும் ஒரு குப்பியில் ஊற்றினாள். ஏதோ ஒரு திரவத்தைச் சில துளிகள் விட்டாள், சிட்டிகை பொடி போட்டாள், குலுக்கினாள். தண்ணீர் ரோஜா நிறமானது. இனி இதில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவேன், நீலமானதும் நிறுத்துவேன், ஒரு சொட்டுக்கு லிட்டரில் இருபத்தைந்து மில்லிகிராம் உப்பு என்று கணக்கு என்றாள். சொட்டு கூடக் கூடத் தண்ணீர் கடினம்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது சொட்டில் குப்பி முழுவதும் நீலமாயிற்று.

அவ்வளவு அழகான நீலத்தை அனுஷா பார்த்ததில்லை. அதைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"நூறுதான். ரொம்ப நல்ல தண்ணி" என்றாள் சோஃபியா, கொஞ்சம் ஏமாற்றத்தோடு. இங்கே மெஷின் விற்காது.

சஞ்சய் சிரித்தான். "பாத்தியா அனு, பாவம் தண்ணிமேல பழி போட்டுட்டோம்."

அனுஷா டம்ளரைப் பார்த்தாள். வீட்டில் விருந்தாளிக்கு மட்டும் எடுக்கும் டம்ளர். "அத்தை, இதை எதுலேர்ந்து எடுத்தீங்க?"

"டிரம்லேர்ந்து. நேத்து வந்த காவேரித் தண்ணி."

"டெஸ்ட் பண்ண வேண்டியது பாத்ரூம் குழாய்ல வர்ற போர் தண்ணி, அத்தை."

"வெளியாள் முன்னாடி போர் தண்ணியவா வெப்பாங்க?" என்றாள் சீதாலட்சுமி உண்மையான வியப்போடு. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் காவேரித் தண்ணீரைப் பிடித்து, மூடி வைத்து, வருகிறவர்களுக்கு அதையே கொடுத்து முப்பது வருடம் பழகியவள். சோதனைக்குக் கேட்டபோதும் கை தானாக டிரம்முக்குத்தான் போயிருக்கிறது. சோஃபியா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்றாள்.

அனுஷாவே குளியலறைக்குப் போய்ப் பிடித்துவந்தாள்.

மறுபடி ரோஜா நிறம். இந்த முறை சொட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. எட்டு, ஒன்பது, பத்து. நிறம் அசையவில்லை. பதினைந்தில் சஞ்சய் குனிந்து பார்த்தான். மேசைமேல் இருந்த அந்தச் சிறிய சிவப்பைத் தவிர அறையில் இருந்த எல்லாமே அனுஷாவுக்கு மங்கிப்போயிற்று. அதற்குள்ளே ஒரு மாடிப்படி இருப்பதாகவும் ஒவ்வொரு சொட்டுக்கும் தான் ஒரு படி ஏறுவதாகவும் இருந்தது. பத்தொன்பது. இருபது. ஊதாவாகக் கலங்கி, இருபத்திரண்டில் நீலமாகி நின்றது.

"ஐந்நூத்தி அம்பது" என்றாள் சோஃபியா. "இதுல குளிச்சா முடி எப்படி மேடம் நிக்கும்?"

ஏறி வந்துவிட்டேன் என்று அனுஷா நினைத்தாள். கதவு இதோ.

ஆனால் சஞ்சய் அதற்குள் மெஷினைப் பற்றிக் கேட்க ஆரம்பித்திருந்தான். சோஃபியா படம் போட்ட தாளை விரித்தாள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் பொருத்திவிடலாம், மாதம் ஒரு முறை உப்புப் போட்டால் போதும், புதன்கிழமையே ஆள் வருவார் என்றாள். சீதாலட்சுமியின் முகம் மலர்ந்தது. மருமகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"ஒரு மெஷின்ல தீர்றதுக்கு சும்னே எதுக்கு வீடு மாத்தணும்? இவ்ளோ நாள் கஷ்டப்பட்டுட்டியேம்மா."

அந்தக் கையின் சூடு பொய்யில்லை. அதுதான் வலித்தது. இத்தனை நாள் தண்ணீரின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது தான்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. இன்று மெஷினுக்குச் சரி சொன்னால் நாளை வேறொன்றைத் தேட வேண்டும், கொசுவை, தெருச் சத்தத்தை, ஆபீஸ் தூரத்தை. ஒவ்வொன்றையும் இவர்கள் அன்போடு சரிசெய்துவிடுவார்கள்.

சோஃபியா ஆர்டர் தாளை அவள் பக்கம் தள்ளினாள்.

"உனக்காகத்தானே வாங்கறோம். நீயே கையெழுத்துப் போடு அனு" என்றான் சஞ்சய், பேனாவை நீட்டி.

அனுஷா பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு, தாளின்மேல் வைத்தாள்.

"மெஷின் வேணும்னா அத்தைக்காகப் போடுங்க, அவங்களுக்கும் நல்லது. எனக்கு வேண்டாம்" என்றாள். குரல் உயரவில்லை. "காக்ஸ் டவுன்ல ஒரு வீடு பாத்திருக்கேன். தண்ணிக்காக இல்ல. அங்க எந்தத் தண்ணி வருதுன்னுகூட நான் கேக்கல."