மீசை எண்ணெயும் கற்பூரப் படகும்

கற்பூரப் படகு என்றதும் பெரிதாக எதையோ நினைத்துவிட வேண்டாம். சுண்டுவிரல் நகமளவு பிளாஸ்டிக் துண்டு, வாலில் ஒரு துளிக் கற்பூரம், அவ்வளவுதான். தண்ணீரில் விட்டால் கற்பூரம் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் பின்பக்கம் பரவும். அங்கே நீரின் பிடி தளரும். முன்பக்க நீர் சும்மா இருக்குமா? படகைத் தன் பக்கம் இழுக்கும். மோட்டாரும் இல்லாமல் துடுப்பும் இல்லாமல் அது பேய்பிடித்த மாதிரி சுற்றிச் சுற்றி ஓடும்.

நாலு வருஷமாக இதைக் கட்டிக்கொண்டு மாரடித்த ஆராய்ச்சி மாணவிக்கு இன்று பத்து மணிக்கு வாய்மொழித் தேர்வு. தேறினால் டாக்டர் பட்டம், தேறாவிட்டால் இன்னொரு வருஷம் இதே தட்டு, இதே தண்ணீர். தையல்கடைக்கு லீவு விட்டுவிட்டு அக்காவும் துணைக்கு வந்திருந்தாள்.

ஒன்பதரைக்குப் படகு பறந்தது. "அடியே, இது நிக்கவே நிக்காதா?" என்று அக்கா குதித்தாள்.

"திடீர்னு நிக்கும்க்கா. ஏன்னுதான் தெரியல. ஆய்வேட்டுலயும் அப்படியேதான் எழுதியிருக்கேன்."

அப்போது வழிகாட்டிப் பேராசிரியர் வந்தார். மீசையை ஒரு முறுக்கு முறுக்கி, "எல்லாம் ரெடியாம்மா?" என்று தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். படகு பொசுக்கென்று நின்றது.

மாணவி சட்டென்று படகை எடுத்தாள். தட்டைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். ஓடியது. "இப்ப பரவாயில்லையே" என்று மறுபடி மீசை, மறுபடி விரல். நின்றது.

"சார், மீசைக்கு என்ன போடுறீங்க?" என்றாள் அக்கா.

"எண்ணெய்தான். ஏம்மா?"

"துணியில பொட்டு எண்ணெய் பட்டாலே எனக்குத் தெரிஞ்சிடும். உங்க விரல் பளபளங்குது."

தண்ணீர் முழுக்க எண்ணெய்ப் படலம் பரவிவிட்டால் முன்னும் பின்னும் ஒரே பிடிதான்; பிறகு படகை எது இழுக்கும்? நாலு வருஷமாக அவ்வப்போது காலையில் வந்து ஆசையாகத் தொட்டுப் பார்த்த மனிதர்! தண்ணீரைத் திட்டியதும் தலையெழுத்தை நொந்ததும் நினைவுக்கு வர, மாணவிக்குச் சிரிப்பு பீறிட்டது. பேராசிரியர் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டார்.

பத்து மணிக்கு வந்த தேர்வாளர் அம்மாள் கறாரானவர். புதுத் தண்ணீரில் படகு குதியாட்டம் போட்டும் அவர் முகம் இளகவில்லை. "சில நாள் காரணம் தெரியாம நின்னுடுதுன்னு எழுதியிருக்கீங்க. இதுக்கு எப்படிம்மா பட்டம் குடுக்கறது?"

மாணவி வழிகாட்டியைப் பார்த்தாள். "சார், மீசையை ஒரு தடவு தடவிட்டு, விரலை இங்க வையுங்க."

அவர் காது சிவந்தது. ஆனாலும் தடவினார், தொட்டார். படகு செத்த எறும்பாக நின்றது. மாணவி காரணத்தை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகையில்லை, சிரிப்பு.

"தண்ணிய மாத்துங்க, டாக்டர்," என்றார் மாணவியிடம். "சார், நீங்க மீசையை ரெடியா வச்சுக்கோங்க. இன்னொரு தடவை பாக்கணும்."