சுத்தம் செய்த பாட்டு

சோபாக்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. விலைச்சீட்டு தொங்கும் சோபாவில் சாய்ந்துகொண்டு பாட்டுக் கேட்பது இந்தக் கூட்டத்துக்குப் பழகிப்போன விஷயம். இந்த சோபாக் கடை, கூட்டத்தைக் கூட்டுகிறவளின் சித்தப்பாவுடையது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வியாபாரம் முடிந்ததும் மகளுக்கு விட்டுக்கொடுப்பதுபோல அவளுக்கு விட்டுக்கொடுப்பார். "டீயைக் கொட்டினீங்கன்னா அந்த சோபா உன் தலையிலதான் விடியும்" என்பது ஒன்றுதான் அவர் போட்ட நிபந்தனை.

அவளுக்குச் சிநேகிதர்கள் வைத்த பெயர் சல்லடை. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மிச்ச நேரமெல்லாம் இணையத்தில் சலிப்பதுதான் பிழைப்பு. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடிப் பதிவேற்றிவிட்டு, பத்துப் பேர் கேட்டதற்கே பூரித்துப்போகிற ஆட்களைத் தேடிப் பிடிப்பாள். நூறு பேர் கேட்டுவிட்ட பாட்டு அவளுக்கு எச்சில் பண்டம். "இவங்களை முதல்ல கேட்டது நான்தான்" என்று சொல்லிக்கொள்வதில் அப்படி ஒரு அற்ப சந்தோஷம். அற்பம் என்று அவளுக்கே தெரியும், விடத்தான் முடியவில்லை.

இன்று பாட வந்திருப்பவர் ஒரு பம்பு மெக்கானிக். தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பது எப்படி என்று அவர் போட்டிருந்த வீடியோவில், மோட்டாரைக் கழற்றிக்கொண்டே ஏதோ பாடிக்கொண்டிருந்தார். மோட்டாரை விட்டுவிட்டுப் பாட்டைப் பிடித்துக்கொண்டாள் சல்லடை. முழுப் பாட்டும் வேண்டும் என்று எழுதிக் கேட்க, அவரும் வீட்டில் உட்கார்ந்து ஃபோனிலேயே பதிந்து அனுப்பினார். "தண்ணி நின்னு போச்சு, குழா மட்டும் பேசுது" என்று தொடங்கும் பாட்டு. அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். ஆனால் பதிவு முழுக்கப் பாத்திரம் உருளும் சத்தம், காற்றாடிச் சத்தம், அது போதாதென்று ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு பெண்குரலின் முணுமுணுப்பு. வீட்டில் யாரோ கூடவே பாடித் தொலைக்கிறார்கள் என்று நினைத்தாள். கணினியில் போட்டு எல்லாவற்றையும் துடைத்து, பளிங்குபோல ஆக்கி, ஊருக்கெல்லாம் அனுப்பினாள். அதைக் கேட்டுத்தான் ஒரு வானொலி நிலையத்துக்காரர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு நன்றாக நடந்தால், பெயர் தெரியாத பாடகர்களுக்கென்று வாரம் ஒரு மணி நேரம் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த ஒரு மணி நேரத்துக்காக அவள் வருடக்கணக்காக நாயாய் அலைந்திருக்கிறாள்.

மெத்தைகள் அடுக்கிய பின்னறையில் மெக்கானிக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஆரம்பிக்கலாமாண்ணே?" என்றாள்.

"ஆரம்பிக்கலாம் மேடம். அக்கா இல்லாம பாடுறது இதான் மொத தடவ. பஸ்ஸுல பாடிப் பாத்துக்கிட்டேதான் வந்தேன். ஒரு வரிக்கு மேல ஓட மாட்டேங்குது."

"எந்த அக்கா?"

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். "எங்க அக்காதான் மேடம். பாட்டெல்லாம் அவங்க கட்டினது. ஒவ்வொரு வரிக்கும் அவங்க அடியெடுத்துக் கொடுப்பாங்க, நான் புடிச்சுக்கிட்டுப் போவேன். நான் அனுப்பினதுல இருந்துச்சே."

சல்லடைக்கு அந்த முணுமுணுப்பு நினைவுக்கு வந்தது. "அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"நீங்க சுத்தம் பண்ணி அனுப்பினத அவங்களுக்குப் போட்டுக் காட்டினேன். முழுசா கேட்டாங்க. 'நல்லா பளிச்சுனு இருக்குடா, நீ மட்டும் போயிட்டு வா'ன்னுட்டாங்க."

அவர் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் வெளியே யாரோ கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். "பாத்துக்கலாம் மேடம்" என்று எழுந்து போய்விட்டார்.

மைக்கின் முன்னால் நின்றார். கிட்டாரை மீட்டினார். முதல் வரி வந்தது. இரண்டாவது வரிக்கு வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் மறுபடி நின்றார். சோபாவில் ஒருவர் கால் மாற்றிப் போட்டார். இன்னொருவர் கனைத்தார். வானொலிக்காரர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். நம் மானம் போனால் போகட்டும், இந்த மனிதரை இத்தனை பேர் முன்னால் நிற்க வைத்து அவமானப்படுத்திவிட்டோமே என்று துடித்தாள்.

"ஒரு நிமிஷம்" என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு ஓடிப்போய், அவர் சட்டைப்பையிலிருந்து ஃபோனை உருவி, "அக்கா நம்பரப் போடுங்கண்ணே" என்றாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டாள். கடைசியில் எடுத்தார்கள்.

"அக்கா, நான்தான் உங்க தம்பியப் பாடக் கூப்பிட்டவ. அவரால பாட முடியல. உங்க குரல எடுத்தது என் தப்புதான்க்கா. யாரோ தெரியாத்தனமா கூடப் பாடுறாங்கன்னு நெனச்சுட்டேன். ஃபோன மைக்குகிட்ட வைக்கிறேன், நீங்க அடியெடுத்துக் கொடுங்க. உங்க பாட்டுன்னு எல்லாருக்கும் சொல்லிடறேன்."

எதிர்முனையில் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றது குரல். "நீங்க சுத்தம் பண்ணிக் கொடுத்தத நம்பித்தானே வந்திருக்காங்க? அதையே கேட்டுட்டுப் போவட்டும். மைக்குகிட்ட வைக்காதீங்க. அவன் காதுகிட்ட வைங்க."

அப்படியே வைத்தாள். அவருக்கு இரண்டு கையும் கிட்டாரில். எனவே அவள் பக்கத்தில் நின்று, ஊசி போட வந்த நர்ஸ் மாதிரி, ஃபோனை அவர் காதோடு பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேரிடம் காதில் செருகும் கருவி இருந்திருக்கும். அந்த நேரத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை. பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. ஆனால் இரண்டாவது வரி வந்தது. மூன்றாவதும் வந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அந்த முணுமுணுப்பு, தம்பியின் காதுக்கும் அவள் காதுக்கும் மட்டும் தெளிவாக எட்டுகிற அளவில். அவள் துடைத்தெறிந்த அதே குரல். மெட்டு எங்கே வளைகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று அதுதான் முன்னால் நடந்து காட்டியது. தம்பி பின்னால் போனார். இதைப் போய் இரைச்சல் என்று நினைத்தோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது. கை வலித்தது. மாற்றிப் பிடிக்கவும் பயம்.

பாட்டு முடிந்ததும் சித்தப்பா உட்படக் கடையே கைதட்டியது. ஃபோனைக் கீழே இறக்கினாள். அணைக்கவில்லை. அதற்குள் வானொலிக்காரர் எழுந்து அவளருகே வந்துவிட்டார்.

"குரல் பிரமாதம்மா. அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குத்தான். ஒண்ணே ஒண்ணு. அந்த ஃபோன்ல இருந்து ஏதோ லேசா கசியுது. ஒலிபரப்புல அது வரக் கூடாது. முன்ன அனுப்பினது எவ்வளவு சுத்தமா இருந்துச்சு, அதே மாதிரி பண்ணிடுங்க."

ஃபோன் அவள் கையிலேயே இருந்தது. திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அங்கே கேட்டிருக்கும். இவள் சொல்லப்போவதும் கேட்கும்.

வருடக்கணக்கில் அலைந்ததெல்லாம் கண்முன்னால் வந்து நின்றது. சரி சார் என்று சொல்ல ஒரு நொடிகூட ஆகாது.

"முடியாது சார். அது அவங்க அக்கா குரல். பாட்டு அவங்களோடது. அன்னிக்கு அத எடுத்ததே தப்பு."

வானொலிக்காரர் முகம் சுருங்கியது. "நல்லா யோசிச்சுட்டுச் சொல்லுங்க. கேக்கறவங்க பொறுமையா இருக்க மாட்டாங்க" என்று தன் இடத்துக்குப் போனார். உட்காரவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அவள் ஃபோனைக் காதில் வைத்தாள்.

"போயிட்டாரா?" என்றது குரல்.

"போகப் போறாருக்கா."

"போனாப் போவட்டும். அடுத்த பாட்டு கொஞ்சம் பெரிசு, அவனுக்குச் சுத்தமா வராது. காதுகிட்ட வேணாம்மா. மைக்குகிட்ட வை."

வைத்தாள். அவசரத்தில் ஃபோன் மைக்கில் இடித்து, ஒலிபெருக்கி கீச்சென்று கத்தியது. கதவருகே போன வானொலிக்காரர் திரும்பிப் பார்த்தார். சோபாக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவள் இன்னொரு கையாலும் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, அக்கா தொடங்குவதற்காகக் காத்திருந்தாள்.