சாம்சன் காதுக்கு ஒரு ஹாரன்

என் வீட்டுக்காரர் சாம்சன் பதினாறு வருஷமாகக் கும்மிடிப்பூண்டி இரும்பு ரோலிங் மில்லில் எலக்ட்ரீஷியன். பின்தெருவில் மின்கசிவால் ஒரு வீடு எரிந்த மறுநாளே புகை அலாரம் ஒன்றை வாங்கி வந்து கூடத்துக் கூரையில் மாட்டினார். இந்தத் தெருவிலேயே நம் வீட்டில்தான் இருக்கிறது என்று பெருமை வேறு.

எட்டு மாதம் கழித்து அது நிமிஷத்துக்கு ஒருமுறை கீச், கீச் என்று கத்த ஆரம்பித்தது. பேட்டரி தீர்ந்தால் அப்படித்தான் கத்தும் என்று சொன்னவரே அவர்தான். மாற்றச் சொன்னேன்.

“எங்க கத்துது? நீயா எதுனா சொல்லிக்கினு இருக்காத.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சோம்பேறித்தனத்தை மறைக்க என்னைப் பைத்தியக்காரி ஆக்குகிறாரே. மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் பக்கத்து வீட்டுக் கங்கம்மாக்கா வந்து, “இன்னா கிறிஸ்டினா, ஊட்டுக்குள்ள கோழிக்குஞ்சு வளக்குறியா?” என்று கேட்டாள். அவர் கூரையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

நாற்காலி போட்டு ஏறி, புது பேட்டரி மாட்டி டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். அலாரம் அலறியது. எங்கள் நாலு வயசு பிரின்சி காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். நேர் கீழே நின்றிருந்தவர், “இன்னும் அமுக்கலியா?” என்றார்.

அப்போதுதான் புரிந்தது, கோளாறு இவர் காதில். பேச்சு கேட்கிறது, பஸ் சத்தம் கேட்கிறது. அந்தக் கீச்சுக் குரலை மட்டும் மில் இரைச்சல் தின்றுவிட்டது. எனக்கோ கம்பெனியில் வாரம் விட்டு வாரம் நைட் ஷிப்ட். அப்போது இந்த மனுஷனும் குழந்தையும் மட்டும்தான் வீட்டில் தூங்குவார்கள்.

“நான் வேலைய வுட்டுடுறேன்,” என்றேன்.

“ஏன் வுடுற? ஊட்ல ஒரு எலக்ட்ரீஷியன் இருக்கான்ல. இரு.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பழைய இரும்புக் கடைக்குப் போய் லாரி ஹாரன் ஒன்றோடு வந்தார். ஒயர் இழுக்க வசதியுள்ள வேறு அலாரம் வாங்கி, புகை பட்டால் ஹாரனும் சேர்ந்து அடிக்கிற மாதிரி இணைத்தார். ஹாரனைக் கட்டில் தலைமாட்டில் மாட்டினார். நான் பட்டனை அழுத்தப் போனேன்.

“சொல்லிட்டு அமுக்குனா முழிச்சிக்கினுதான இருப்பேன். தூக்கத்துல கேக்குதான்னு எப்டி தெரியும்?” என்று தடுத்துவிட்டார். எனக்கும் அதுதான் பயம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். காலை டியூட்டி முடிந்து வந்து அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், பக்கத்தில் பிரின்சி. நான் காய்ந்த மிளகாய் வறுத்தேன். புகை கூடத்துக்குப் போனதைக் கவனிக்கவில்லை. ஹாரன் அடித்ததில் கரண்டியைக் கீழே போட்டேன். திரும்புவதற்குள் ஒரு கையில் குழந்தை, மறு கையில் லுங்கி முடிச்சோடு வந்து நின்றார். முடிச்சை விட்டுவிட்டு என்னைப் பிடித்து, அடுப்பை அணைக்கக்கூட விடாமல் தெருவுக்கு இழுத்துப் போனார். கங்கம்மாக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“மொளகா வறுத்தேன், அவ்ளோதான். மொதல்ல லுங்கிய கட்டு,” என்றேன்.

அவருக்கு மூச்சு வாங்கியது. “கேட்டுச்சு கிறிஸ்டி,” என்றார்.

மிளகாய் கரியாகிவிட்டது. போகட்டும். அன்று நைட் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறியவள் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். கேட் வந்ததும் டிரைவர்தான் எழுப்பினார்.