பதினான்காம் இதழில் ரோவீனாவின் கவுன்

பிக்கெட் கிரீக் ஊரில் உயிரோடு இருப்பவர்கள் நானூற்றுப் பதினோரு பேர். தொலைக்காட்சிக்காரர்கள் வந்து ஜாம்பியாக நடிக்க ஆள் எடுத்தபோது பெயர் கொடுத்தவர்கள் நானூற்று இருபது பேர். அதிகப்படியான ஒன்பது பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கென்டக்கி மலைப்பக்கம் அப்படித்தான். வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவார்கள், விசாரிக்க மாட்டார்கள். வெர்லின் டாக்கெட் பெயர் கொடுக்கவில்லை என்பதால் அந்த ஒன்பதைப் பத்து என்றே வைத்துக்கொள்ளலாம்.

வெர்லினுக்கு எழுபத்தொரு வயது. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நடிக்கப் போகாததற்குக் காரணம், அவருக்கு வேறு வேலை இருந்தது. அந்தத் தொடரை அதன் மூலமான காமிக்ஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. அதனால்தான் ஒரு நாள்கூட லீவு எடுக்க முடியவில்லை.

'சாம்பல் மாவட்டம்' என்பது காமிக்ஸின் பெயர். தொடருக்கும் அதே பெயர். பெயரோடு ஒற்றுமை முடிந்தது என்பது வெர்லினின் கட்சி. புத்தகத்தில் ஷெரீபுக்கு இடது கை போகிறது. தொடரில் வலது கை போகிறது, ஏனென்றால் நடிகர் இடது கைக்காரர், சாப்பிட வேண்டாமா? புத்தகத்தில் நாய் செத்துவிடுகிறது. தொடரில் ஷெரீபைவிட நாய்க்கு ரசிகர் கடிதம் அதிகம் வந்ததால் அது சாகவில்லை, கொழுத்தது. புத்தகத்தில் செத்தவர்கள் தேவாலயக் குன்றின் மேல் ஏற நாலு பக்கம் எடுத்துக்கொள்கிறார்கள். தொடரில் ஒன்பது நொடியில் ஏறிவிடுகிறார்கள். வெர்லின் கடிகாரத்தோடு அதே குன்றில் ஏறிப் பார்த்தார். உயிரோடு இருக்கிற ஆளுக்குப் பதினோரு நிமிடம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரே தீயணைப்பு நிலையத்தில் கூடி, வண்டியை வெளியே தள்ளிவிட்டுப் பெரிய திரையில் தொடர் பார்க்கும். வெர்லினும் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தவர்தான். இரண்டாம் பருவத்தின் நாலாவது வாரம் தீயணைப்புத் தலைவர் ஹோபர்ட் எழுந்து நின்றார்.

"யோவ் வெர்லின், ஒண்ணு வாயை மூடு, இல்லே வெளியே போ. எவன் செத்தான், எவன் சாகலேன்னு நாங்களே பாத்துக்கறோம்."

"அந்தப் பாதிரி மூணாவது இதழ்லயே போய்ட்டாரு ஹோபர்ட். இங்கே இன்னும் பிரசங்கம் பண்ணிக்கிட்டிருக்காரு."

"நம்ம பாதிரியும்தான் போய்ப் பல வருஷம் ஆன மாதிரி இருக்காரு. நாங்க ஏதாச்சும் சொன்னோமா?"

முன்வரிசையில் இருந்த பாதிரியாரும் சிரித்தார். ஓட்டெடுப்பு நடந்தது. முப்பத்தெட்டுப் பேர் வெர்லினை வெளியேற்றச் சொன்னார்கள். வேண்டாமென்று ஒரே ஓட்டு. அது அவருடைய ஓட்டு. அதிலிருந்து அவர் வீட்டில் தனியாகப் பார்க்கிறார். பிழைகளைச் சத்தமாகச் சொல்கிறார். குளிர்பெட்டி கேட்டுக்கொள்கிறது.

இத்தனை மல்லுக்கட்டும் ஒரே ஒரு பக்கத்துக்காக. பதினான்காம் இதழ், ஒன்பதாம் பக்கம்.

அந்தக் காமிக்ஸை வரைந்த ஐரா ஸ்டாம்பர் அப்போது காசில்லாத பையன். ஊர் சலவைக்கடை மாடியில் குடியிருந்தான். மாடலுக்கு ஆள் வைக்க வக்கில்லாமல், அசையாமல் நின்றவர்களையெல்லாம் வரைந்துவிட்டான். கீழே சலவைக்கடையில் வேலை பார்த்தவள் ரோவீனா, வெர்லினின் மனைவி. ஒன்பதாம் பக்கத்தில் அவள் செத்துப்போன பெண்ணாக ஜன்னலருகே நின்று ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடிக்கிறாள். ஒரு சிறுமி உள்ளே ஒளிய வருகிறாள். ரோவீனா கடிக்கவில்லை. மடித்த துண்டை நீட்டுகிறாள். அறுபத்திரண்டு இதழ்களில் யாரையும் கடிக்காத ஜாம்பி அவள் ஒருத்திதான்.

"என்னைப் பொணமாப் போட்டுட்டான் பாரு," என்று அன்றைக்கு ரோவீனா சிரித்தாள். "ஆனா முடி நல்லா வந்திருக்கு."

அவள் நிஜமாகப் போய் இப்போது ஒன்பது வருடம். வீட்டிலிருந்த புகைப்படங்களையெல்லாம் எடுத்தவள் அவள்தான். அதனால் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நிற்கிற வெர்லின் நாற்பது படத்தில் இருக்கிறார். அவள் இருப்பது மூன்றே படம். மூன்றும் குளிர்காலம், மூன்றிலும் கோட்டு. ஆகவே வெர்லின் தினமும் காலையில் காபியோடு ஒன்பதாம் பக்கத்தைத்தான் திறப்பார்.

தொடர் பதின்மூன்றாம் இதழ்க் கதையிலிருந்து பதினைந்துக்குத் தாவியபோது அவர் மூன்று நாள் சாப்பிடவில்லை. சாப்பிட்டார், ருசி தெரியவில்லை. பிறகு, சலவைக்கடைக் காட்சி ஏன் இல்லை என்று கேட்டுத் தொலைக்காட்சி அலுவலகத்துக்கு இரண்டாயிரம் கடிதம் போனது. பாதி அவர் வலது கையால் எழுதியது, பாதி இடது கையால். அலுவலகம் மக்கள் குரலுக்குப் பணிந்தது.

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, உடையலங்காரம் பார்க்கிற மரிசோல் என்ற பெண் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு வளையம் நிறைய, நிறம் காட்டுவதற்கான துணித் துண்டுகள். வெர்லின் அவளுக்குச் சோள ரொட்டியும் மோரும் வைத்தார்.

"டாக்கெட் சார், வெள்ளிக்கிழமை உங்க சீனை எடுக்கறோம். ஒரே ஒரு விஷயம் தெரியணும்."

"துண்டை மூணா மடிக்கணும்மா. நாலா இல்லே."

"அது பாத்துட்டேன் சார். கவுன் என்ன நிறம்?"

வெர்லின் மோர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"புத்தகம் கறுப்பு வெள்ளையாச்சே சார்," என்றாள் அவள். "ஐராவுக்கே போன் போட்டேன். 'எனக்கு நிறக்குருடும்மா, பின்னே எதுக்கு அறுபத்திரண்டு இதழும் கறுப்பு வெள்ளையில போட்டேன்?'னுட்டாரு. சலவைக்கடை டெல்ஃபா அம்மா உங்ககிட்ட அனுப்புனாங்க. கட்டிக்கிட்ட ஆளுக்குத் தெரியாமலா இருக்கும்னாங்க."

"தெரியாமலா?" என்றார் வெர்லின். கண்ணை மூடிப் பார்த்தார். ரோவீனா வந்தாள். ஜன்னலருகே நின்றாள். கழுத்தில் சின்னக் காலர், இடுப்பில் பெல்ட், எல்லாம் வந்தது. மை கோடுகளாக வந்தது. நிழல் விழுந்த இடத்தில் ஐரா பேனாவால் குறுக்கும் நெடுக்கும் கீறியிருந்தான். அந்தக் கீறல்கூட வந்தது. நிறம் வரவில்லை. அவளுடைய தலைமுடியும், கண்ணும், உதடும், எதுவும் நிறத்தோடு வரவில்லை.

"வியாழக்கிழமை சொல்றேனே," என்றார். "இதெல்லாம் சட்டுனு சொல்ற விஷயமில்லே."

"வியாழன் மத்தியானத்துக்குள்ள சொல்லிடுங்க சார். தெரியலேன்னா சாம்பல் நிறம் போட்டுடச் சொல்லிட்டாரு டைரக்டர். அதுதான் வம்பில்லைன்னாரு."

அவள் போனதும் வெர்லின் அலமாரியைத் திறந்தார். ரோவீனாவின் துணிகள் அவள் போன வாரமே வெள்ள நிவாரணத்துக்குப் போய்விட்டன. அவளுடைய அக்கா நடீன் வந்திருந்து பெட்டி கட்டினாள். துணிமணியைச் சீக்கிரம் வெளியே அனுப்பிவிட வேண்டும், அதுதான் இருப்பவர்களுக்கு நல்லது என்பது இந்தப் பக்கத்து வழக்கம். அன்றைக்கு வெர்லின் பஸ்ஸுக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலை சலவைக்கடைக்குப் போனார். டெல்ஃபா இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

"பச்சை," என்றாள் டெல்ஃபா, நிமிர்ந்தே பார்க்காமல். "பதினோரு வருஷம் அவ பக்கத்துல நின்னு துணி மடிச்சவ நான்."

"எந்தப் பச்சை?"

"பச்சைன்னா பச்சைதான். பட்டாணியில எத்தனை பச்சைய்யா இருக்கு?"

"நாலு."

"உன்கூடப் பேசறதுக்கு, வெளியே ஷூட்டிங்ல நிக்கற செத்தவங்களோட போய்ப் பேசலாம்."

"அவங்க அஞ்சு மணிக்கு மூஞ்சியைக் கழுவிக்கிட்டுப் போய்டறாங்க டெல்ஃபா."

அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "ஆமா, நீ எதுக்கு என்னைக் கேக்கறே?"

"சும்மா. ஒத்துப்போகுதான்னு பாக்கறேன்," என்றார் வெர்லின். ஒப்பிடுகிற ஆள் என்று பெயர் எடுத்திருந்தது அந்த இடத்தில் உதவியது.

மத்தியானம் ஒஹையோவிலிருக்கும் நடீனுக்குப் போன் செய்தார். ஒன்பது வருடமாகப் பேச்சில்லை.

"யாரு செத்தது?" என்றாள் நடீன், அவர் குரலைக் கேட்டதும்.

"யாரும் சாகலே."

"பின்னே எதுக்குப் போன்?"

அவர் சொன்னார். நடீன் யோசிக்கவே இல்லை.

"நீலம். நான்தான் அவ பொறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தேன். ஏன் வெர்லின், உனக்கு ஞாபகமில்லையா?"

"இருக்கு, இருக்கு. சரிபாக்கத்தான்."

"முப்பத்தாறு வருஷம் கூட இருந்தியே."

"இருக்குங்கறேனே."

போனை வைத்தபின் வெர்லின் நெடுநேரம் சமையலறையில் நின்றார். பச்சைக் கவுனில் ரோவீனாவை நிறுத்திப் பார்த்தார். அது டெல்ஃபா மாதிரி இருந்தது. நீலத்தில் நிறுத்தினார். அது நடீன் மாதிரி இருந்தது. வருடக்கணக்காகத் தினமும் காலையில் அவளைச் சலவைக்கடை வாசலில் இறக்கிவிட்ட மனிதர் அவர். இறக்கிவிட்டு, அவள் கதவைத் திறந்து உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸை எடுப்பார். அவளுடைய முதுகு கண்ணாடிக் கதவுக்குள் போவது இப்போதும் தெரிந்தது. என்ன நிறத்தில் போனாள் என்பது தெரியவில்லை. இதை யாரிடமும் சொல்ல முடியாது. ஊருக்கு அவர் அறுபத்திரண்டு இதழும் மனப்பாடமான ஆள். பெண்டாட்டியை மறந்த ஆள் என்று அவருக்கு மட்டும் தெரியும்.

வியாழன் மத்தியானம் மரிசோல் வந்தாள். மேசையில் துணி வளையத்தை விரித்தாள். நாற்பது நிறம் இருக்கும். கடைசியில் இருந்தது சாம்பல்.

"அவசரமில்லே சார். தெரியலேன்னா ஒண்ணும் தப்பில்லே. சாம்பல்ல எடுத்துக்கறோம்."

சாம்பல் துண்டை வெர்லின் பார்த்தார். அதைப் போட்டால் அவள் எப்போதுமே அப்படித்தான் இருந்தாள் என்று ஆகிவிடும். நாடு பூராவும் பார்க்கும். 'எனக்கு ஞாபகமில்லேம்மா' என்ற சொற்கள் தொண்டைவரை வந்தன. மரிசோல் பென்சிலோடு காத்திருந்தாள். நல்ல பெண். சொல்லியிருந்தால் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள்.

"மஞ்சள்," என்றார் வெர்லின்.

பள்ளிக்கூட பஸ் மஞ்சள். உலகத்தில் சந்தேகமில்லாமல் அவருக்குத் தெரிந்த ஒரே நிறம் அதுதான். விரல் தானாக அந்தத் துண்டில் போய் நின்றது.

"நிச்சயமா சார்?"

"முப்பத்தாறு வருஷம்மா," என்றார்.

படப்பிடிப்பைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டார். முழங்காலைக் கேட்டிருந்தால் அது வேறு காரணம் சொல்லியிருக்கும்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தக் காட்சி வந்தது. வெர்லின் புத்தகத்தைத் திறக்கவில்லை. யாரோ ஒரு நடிகை மஞ்சள் கவுனில் ஜன்னலருகே நின்றாள். வெளிச்சம் பின்னாலிருந்து விழுந்தது. துண்டை மூன்றாக மடித்தாள். சிறுமி வந்தாள். துண்டை நீட்டினாள். கடிக்கவில்லை. காமிக்ஸுக்கும் தொடருக்கும் ஒரு இம்மி வித்தியாசமில்லாத முதல் காட்சி அது என்று பின்னால் பத்திரிகைகள் எழுதின.

போன் அடித்தது. அது அடித்து ஏழெட்டு வாரம் ஆகியிருந்தது.

"யோவ் வெர்லின், ஹோபர்ட் பேசறேன். இங்கே எல்லாரும் அழறாங்கய்யா. அதே கவுன்! எங்கம்மா துணி எடுக்கப் போனப்ப அந்த மஞ்சளைத்தான் நான் பாத்திருக்கேன்."

"பாத்திருப்பே," என்றார் வெர்லின்.

அடுத்தது பாதிரியார். ஞானஸ்நான விருந்துக்கு ரோவீனா அந்த மஞ்சளில்தான் வந்தாளாம். அதற்கடுத்தது டெல்ஃபா.

"நான் சொல்லலே? மஞ்சள்னு?"

"சொன்னே டெல்ஃபா."

"பதினோரு வருஷம் பக்கத்துல நின்னவளுக்குத் தெரியாதா! முழங்கைகிட்ட ஒரு ஒட்டுகூட இருந்துச்சு. அதை மட்டும் விட்டுட்டாங்க பாவிங்க."

ஆறு பேர் கூப்பிட்டார்கள். ஏழாவதாக ஒஹையோவிலிருந்து நடீன். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நான் வாங்கிக் கொடுத்ததுய்யா அது," என்றாள். "லெக்ஸிங்டன்ல ஒரு கடை. வெளியே தொங்கவிட்டிருந்தாங்க. தூரத்துலேர்ந்தே அந்த மஞ்சள் தெரிஞ்சுது. அவளுக்கு எடுப்பா இருக்கும்னு அப்பவே நெனச்சேன். இருந்துச்சு இல்லே?"

"இருந்துச்சு நடீன்."

"நீ ஞாபகம் வச்சிருந்தியே. நான்கூட உன்னைத் தப்பா நெனச்சிட்டேன்."

இருவரும் இன்னும் கொஞ்ச நேரம் பேசினார்கள். ஒஹையோவில் மழை என்றாள். இங்கே இல்லை என்றார். இனி அடிக்கடி பேசலாம் என்று அவள் சொன்னாள். பேசலாம் என்று அவரும் சொன்னார்.

போனை வைத்துவிட்டு வெர்லின் கண்ணை மூடினார். ரோவீனா உடனே வந்தாள், மஞ்சளில். பளிச்சென்று இருந்தாள். முகம் அந்த நடிகையின் முகமாக இருக்குமோ என்று பயந்தார். இல்லை, ரோவீனாவின் முகம்தான். ஆனால் மை கோடுகளைக் காணவில்லை. ஐரா உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கீறிய அந்தக் கீறல்கள், ஒன்பது வருடமாக அவருக்கு இருந்த அந்தக் கறுப்பு வெள்ளை ரோவீனா, எவ்வளவு தேடியும் வரவில்லை. பச்சையைப் போட்டுப் பார்த்தார். நீலத்தைப் போட்டார். எல்லாம் மஞ்சளாகவே நின்றது.

இந்த ஊரில் அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் அவர். இந்த வேகத்தில் போனால் புதன்கிழமைக்குள் அவருக்கும் தெரியாமல் போய்விடும். அதற்குள் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. ஊர் மொத்தமும் அழுத கவுனின் நிறத்தை ஒரு கிழவன் பள்ளிக்கூட பஸ்ஸைப் பார்த்துச் சொன்னான் என்று கேட்டால் விழுந்து விழுந்து சிரிக்கக்கூடிய ஆளாக இருக்க வேண்டும். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அட மக்கு, அது இந்த நிறம்தானே," என்று சொல்லக்கூடிய ஆளாகவும் இருக்க வேண்டும்.

அப்படி ஒருத்திதான் இருந்தாள். வெர்லின் எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்தார்.