ஐம்பதுக்கு ஐம்பது

துணை அதிபர் வெர்னா ஹால்வர்சனின் பயணங்களைத் திட்டமிடுவது என் வேலை. மூன்று வருடத்தில் அவரைப் பதினொரு வெளிநாட்டுச் சாவுகளுக்கு அனுப்பியிருக்கிறேன். எந்த நாட்டில் எந்தத் தலைவர் கண்ணை மூடினாலும் வெள்ளை மாளிகையிலிருந்து எனக்குத்தான் போன் வரும். அதிபருக்கு நேரமிருக்காது, துணை அதிபர் சும்மாதானே இருக்கிறார் என்று அவர்களுக்கு நினைப்பு. முன்பு அந்தப் பதவியில் இருந்த ஆண்களும் இப்படித்தான் போய் வந்தார்கள். ஆனால் எத்தனை அங்குலக் குதிகால் செருப்பு போட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் எழுதி அனுப்பியதில்லை.

அந்தத் திங்கட்கிழமை போன் வரவில்லை. அதிபரின் தலைமை உதவியாளர் கிரெக் டன்லெவி நேரிலேயே வந்தார். ஐரோப்பாவில் யாரோ முன்னாள் பிரதமர் இறந்துவிட்டார், வியாழன் காலை விமானம் என்றார்.

"வியாழக்கிழமை பிரசவ வார்டு மசோதா செனட்ல ஓட்டுக்கு வருதே" என்றார் வெர்னா.

"அது எப்படியும் தோக்கப்போகுது. நாப்பத்தொம்பது, அம்பத்தொண்ணு. நீங்க இருந்து என்ன பண்ணப்போறீங்க வெர்னா?"

கேள்வி நியாயம்தான். செனட்டில் நூறு பேர். துணை அதிபர் அங்கே தலைமை நாற்காலியில் உட்காரலாம், விவாதத்தில் வாயைத் திறக்க முடியாது. ஓட்டு ஐம்பதுக்கு ஐம்பது என்று நின்றால் மட்டும் அவருக்கு ஒரு ஓட்டு. அந்த நேரத்தில் அவர் இல்லையென்றால் மசோதா தோற்றதாகக் கணக்கு.

சிற்றூர் மருத்துவமனைகளில் இழுத்து மூடிய பிரசவ வார்டுகளைத் திறப்பதற்கான மசோதா அது. கீழ்ச்சபையில் ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. வெர்னா வடக்கு டகோட்டாவில் கவர்னராக இருந்தபோது, நூறு மைல் தள்ளியிருந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பனிக்கு நடுவே வண்டியிலேயே பிள்ளை பெற்ற ஒருத்தியைப் பார்க்கப் போயிருந்தார். அந்தக் குழந்தை தங்கவில்லை. இதைச் செய்யாமல் விடமாட்டேன் என்று தேர்தலின்போது ஊர் ஊராகச் சொன்னார். அதிபரும் மேடையில் சொன்னார், ஆனால் செலவு செய்ய அவருக்கு மனமில்லை.

டன்லெவி போனதும் வெர்னா கதவைச் சாத்தினார்.

"மோரீன், இவன் எதுக்கு நேர்ல வந்தான்? நான் ஊர்ல இல்லேன்னா பூடன் என்ன பண்ணுவாரு?"

பூடன் எதிர்க்கட்சியின் செனட் தலைவர். பழம் தின்று கொட்டை போட்டவர். எனக்கும் இந்த ஊரில் இருபது வருடம் ஆகிறது.

"டெட் ஓக்ஸ்லிய அவுத்து விடுவாரு, மேடம்."

பூடன் கட்சி செனட்டரான ஓக்ஸ்லிக்கு அடுத்த வருடம் தேர்தல். அவர் மாநிலத்தில் ஆறு வார்டுகள் மூடிக் கிடக்கின்றன. மசோதா எப்படியும் தோற்கும் என்றால், மாட்டிக்கொண்ட ஆளைக் கட்சித் தலைவர் ஆதரவாக ஓட்டுப் போட விடுவார். ஊரில் போய்க் காட்டிக்கொள்ளலாம். அந்தச் சபையில் அது பழைய வழக்கம்.

"அப்போ சமமா வந்து நிக்கும். நான் ஆகாசத்துல இருப்பேன்" என்றார் வெர்னா. "நல்லாப் பேசி வெச்சிருக்கானுங்க."

"போகலேன்னு சொல்லிடட்டுமா?"

"சொன்னா ஓக்ஸ்லிய மறுபடி கட்டிப் போட்டுருவாங்க. வண்டி கிளம்பட்டும்."

வெர்னாவின் கணவர் ராய் ஒரு மாட்டு டாக்டர். "என்கிட்ட கறுப்பு சூட் இருக்கு, நான் போறேன்" என்றார். "மாட்டுக்கே ஆறுதல் சொன்னவன், மந்திரிங்களுக்குச் சொல்ல மாட்டேனா?"

வியாழன் காலை ஒன்பது மணிக்கு எங்கள் கார் வரிசை சைரனோடு விமானதளத்துக்குப் போனது. பார்க்க வேண்டியவர்கள் பார்த்தார்கள். ராய் விமானம் ஏறினார். வெர்னா சாதாரணக் கார் ஒன்றில் திரும்பி வந்து, செனட் மண்டபத்தை ஒட்டிய தன் அறையில் டிவி முன் உட்கார்ந்தார்.

ஓக்ஸ்லி முறை வந்தது. எழுந்து, மேல்மாடத்தைப் பார்த்தபடி, ஆதரவு என்று கட்டைவிரலை உயர்த்தினார். அங்கே அவர் ஊர் நர்சுகள் முப்பது பேர் இருந்தார்கள். பார்க்கட்டும் என்று அவரே அழைத்து வந்திருந்தார். ஐம்பதுக்கு ஐம்பது.

வெர்னா உள்ளே நுழைந்தார். தலைமை நாற்காலியிலிருந்த இளம் செனட்டர் பதறி எழுந்து இடம் விட்டார். பூடன் ஓக்ஸ்லியிடம் ஓடியே போனார். வாசலோரம் நின்ற எனக்கே கேட்டது.

"டெட், மாத்திப் போடு. இப்பவே."

முடிவை அறிவிக்கும்வரை ஓட்டை மாற்றலாம். அதற்கு முன் ஒரு கேள்வி கேட்பது அங்கே முறை. மற்றவர்கள் அதை ஒரே மூச்சில் முணுமுணுத்துவிட்டு மேலே போவார்கள். வெர்னா நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

"வாக்கை மாற்ற விரும்பும் உறுப்பினர் யாராவது இருக்கிறீர்களா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். சட்டென்று முடிவைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. பூடன் ஓக்ஸ்லியின் தோளில் கை வைத்திருந்தார். ஓக்ஸ்லி ஒருமுறை மேலே பார்த்தார். நர்சுகள் கைதட்டக்கூட இல்லை, வெறுமனே அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பூடனின் கையை விலக்கிவிட்டு உட்கார்ந்தார்.

"செனட் சமமாகப் பிரிந்திருக்கிறது. துணை அதிபர் ஆதரவாக வாக்களிக்கிறார். மசோதா நிறைவேறியது."

அறைக்கு வந்ததும் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவரு மாத்தியிருந்தா என்ன மேடம் பண்ணியிருப்பீங்க?"

"தோத்திருப்பேன். நான் வந்ததைத்தான் மறைச்சேன், மோரீன். அவங்க ஓட்டைத் திருடலை."

சொல்லிவிட்டு சாண்ட்விச்சைப் பிரித்தார். காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. டன்லெவி போனில் வந்தார். நானும் கேட்கும்படி வெர்னா ஸ்பீக்கரைப் போட்டார்.

"அதிபர் கடும் கோபத்துல இருக்கார். அவரே மேடையில ஊரைக் கூட்டிச் சொல்லித் தொலைச்சதால மசோதாவுல கையெழுத்துப் போடுவார். ஆனா அடுத்த வருஷத் தேர்தல்ல அவரோட துணைக்கு நிக்க வேற ஆளைப் பார்த்துக்கறோம், வெர்னா. இப்பவே சொல்லிடறேன்."

இதற்குத்தான் நான் மூன்று நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். வெர்னா வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

"பார்த்துக்கோங்க, கிரெக். ஆனா அடுத்த வருஷம் நான் துணைக்குத்தான் நிப்பேன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?"