காப்பகத்தில் ஒரு படுக்கை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். சொல்கிறவர்கள் ஒரே ஒரு நாள் என் ஆன்லைன் சேவை மையத்தில் வந்து உட்காரட்டும், அப்புறம் பேசலாம்.

அன்று வந்தவளுக்கு இடது கண் வீங்கி மூடியிருந்தது. உதடு கிழிந்திருந்தது. பெண்கள் காப்பகத்தில் அவளுக்கு ஒரு படுக்கை வேண்டும். நேரிலேயே போய் நின்றிருக்கிறாள். "ஆன்லைன்ல பதிஞ்சுட்டு வாம்மா" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். இன்றைக்கு இடம் கிடைக்காவிட்டால் அடித்தவனிடம்தான் திரும்பிப் போகவேண்டும்.

அவள் அடையாள எண்ணைத் தட்டினேன். கைப்பழக்கம், அடுத்த பட்டனையும் அமுக்கிவிட்டேன்.

"ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கக்கா."

அவள் முகம் வெளிறியது. "எந்த நம்பருக்கு மேடம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடும்பத்துக்கு ஒரு நம்பர், அது புருஷன் நம்பர். வேலை சீக்கிரம் முடியும் என்று எல்லா மையத்திலும் அப்படித்தான் பதிந்து தள்ளுவோம். என்ன விண்ணப்பம், எந்த மையம் என்பதும் அந்த மெசேஜிலேயே போகும். அவன் மெக்கானிக். ஒர்க்‌ஷாப் அடுத்த தெருவில்தானாம்.

ஷட்டரை இழுக்க ஓடினேன். பாதி இறங்குவதற்குள் ஸ்பேனரோடு குனிந்து உள்ளே வந்துவிட்டான்.

"காப்பகமாடி கேக்குது உனக்கு?"

முடியைக் கொத்தாகப் பிடித்து அவள் தலையை மேஜையில் மோதினான். ஸ்பேனர் முழங்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. வரிசையில் நின்ற ஆம்பளைகள் குடும்ப விஷயம் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். தூ!

பிரிண்டரைப் பிடுங்கித் தூக்கி அவன் பின்மண்டையில் போட்டேன். சுருண்டு விழுந்தான். இன்னொரு முறையும் போட்டேன். தேவையில்லைதான், ஆனால் மனசு ஆறியது.

அவன் சட்டைப் பையிலிருந்து போன் நழுவி ரத்தத்தில் கிடந்தது. அவள் நல்ல கையால் எடுத்தாள். அவன் விரலையே வைத்துத் திறந்து, ஆறு எண்களையும் வாசித்தாள். நேரம் முடிந்துவிட்டது என்றது கம்ப்யூட்டர்.

"இன்னொரு தடவ அனுப்புங்க மேடம்." குரலில் நடுக்கமே இல்லை.

அனுப்பினேன். பதிவாகிவிட்டது. உடனே அதே போனுக்கு அடுத்த மெசேஜும் வந்தது. காப்பகத்தின் முகவரி, எந்த மாடி, எந்தப் படுக்கை, எல்லாம் இருந்தது. அவள் அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்துவிட்டுப் போனைத் தரையில் வைத்தாள்.

கீழே அவன் முனகினான். அவள் ஸ்பேனரை எடுத்து ஓங்கினாள். தொலைந்தான் என்று நினைத்தேன், தடுக்கவும் இல்லை. அவளோ போனை, அது தூள் தூளாகும்வரை அடித்தாள்.

"அவன விட்டுட்டு இந்தப் போனையா அடிக்கிறீங்க?"

"நான் போற அட்ரஸ் அதுலதானே இருக்கு மேடம்."